‘அறியோம்’ என்ற சொல் வசவான கதை

கேள்வி இதுதான்: ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் ஓர் அரசியல்வாதியைப் பற்றி ‘சட்ட விஷயத்தில் அவர் ஒரு இக்னரேமஸ்’ என்று எழுதியிருந்தது. அகராதியில் ‘அறிவிலி’ என்று போட்டிருக்கிறது. இது லத்தீன் சொல் என்கிறார்களே, லத்தீனிலும் அதே பொருள்தானா? பன்மையில் ‘இக்னரேமை’ என்று எழுதலாமா? ஜெர்மன் விஞ்ஞானி ஒருவர் இதே சொல்லை வைத்து ஏதோ சொன்னதாகப் படித்தேன், அது என்ன? தமிழில் இதற்குச் சரியான சொல் எது?

முப்பது வருடமாகச் சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பதுதான் என் தொழில். அதனால் இந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. ரொம்பப் பிடித்த சொல்லும்கூட. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: லத்தீனில் அந்தப் பொருள் கிடையாது. லத்தீனில் அது பெயர்ச்சொல்லே கிடையாது, ஒரு வினைமுற்று. ‘இக்னோராமுஸ்’ என்றால் ‘அறியோம்’. அவ்வளவுதான். யாரையும் திட்டுகிற சொல்லாக அது பிறக்கவில்லை. சிலர் கூடி உட்கார்ந்து, தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன சொல் அது.

இந்த வினையை முழுதாகச் சொல்லிப் பார்த்தால் தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். இக்னோரோ: அறியேன். இக்னோராஸ்: அறியாய். இக்னோரத்: அறியான், அறியாள். இக்னோராமுஸ்: அறியோம். இக்னோராதிஸ்: அறியீர். இக்னோரந்த்: அறியார். நம் ‘-ஏன், -ஓம், -ஈர்’ செய்கிற வேலையை அங்கே ‘-ஓ, -முஸ், -திஸ்’ செய்கின்றன. யார் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், விகுதியே சொல்லிவிடும். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ‘அறியேன்’ என்பதில் ‘இல்லை’, ‘மாட்டேன்’ என்று எந்தத் துணைச்சொல்லும் இல்லாமல் எதிர்மறை வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, இல்லையா? ‘இக்னோரோ’விலும் அப்படித்தான். லத்தீனில் பொதுவாக எதிர்மறைக்கு வினைக்கு முன்னால் ‘நோன்’ என்று ஒரு சொல் வரும். இந்த வினைக்கு அது தேவையில்லை. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘இ’ என்ற துண்டுதான் ‘இல்லை’. மிச்சமிருக்கும் ‘க்னோ’தான் அறிவு.

அந்த ‘க்னோ’ நமக்கு அந்நியம் இல்லை. சமஸ்கிருதத்தின் ‘ஞா’வும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆக, ‘இக்னோரான்சியா’ என்ற லத்தீன் பெயர்ச்சொல்லும், நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘அஞ்ஞானம்’ என்ற சொல்லும் அக்கா தங்கை மாதிரி. அங்கே இ + க்னோ, இங்கே அ + ஞா. டாக்டர் சொல்கிற ‘டயக்னோசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலும் அதே வேர் இருக்கிறது. ‘தெரியும்’ என்று பொருள்படும் ஆங்கில ‘நோ’வில், உச்சரிக்காமல் எழுத்தில் மட்டும் நிற்கும் ‘கே’ அந்த வேரின் மிச்சம்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘ரா’ நெடில், அழுத்தமும் அதன் மேல்: இக்னோராமுஸ். ஆங்கிலேயர் வாயில் அது ‘இக்னரேமஸ்’. இந்தப் பதிலில் லத்தீன் வினையை முதல் மாதிரியும் ஆங்கில வசவை இரண்டாவது மாதிரியும் எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு என்பது கண்ணுக்கே தெரியட்டும்.

இதே ‘-ஆமுஸ்’ விகுதியை நம் ஊர் நீதிமன்றங்களில் தினமும் கேட்கலாம். ‘மாண்டமஸ் ரிட்’ போட்டிருக்கிறார்கள் என்று வக்கீல்கள் சொல்வார்கள். ‘மாண்டாமுஸ்’ என்றால் ‘கட்டளையிடுகிறோம்’. கடமையைச் செய்யாத அதிகாரிக்கு மன்னர் பெயரில் போன ஆணையில் இருந்த வினைமுற்று, அந்த ஆணைக்கே பெயராகிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிற ‘அஃபிடவிட்’டும் வினைமுற்றுதான், ‘சத்தியம் செய்திருக்கிறான்’ என்று பொருள். ‘வீட்டோ’ என்றால் ‘தடுக்கிறேன்’. ‘டெபிசிட்’ என்றால் ‘குறைகிறது’. லத்தீன் ஆவணங்களில் வினையாக இருந்த சொற்கள் ஆங்கிலத்துக்கு வந்ததும் பெயராகி உறைந்துபோவது சாதாரணமாக நடந்திருக்கிறது. இக்னோராமுஸ் உறைந்த விதம்தான் விசேஷம்.

அதற்கு இங்கிலாந்தின் கிராண்ட் ஜூரியைப் பற்றித் தெரிய வேண்டும். ஒருவர் மேல் பெரிய குற்றம் சுமத்தினால் நேரே விசாரணைக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் குற்றச்சாட்டை ஒரு தோல் சுருளில் லத்தீனில் எழுதி, கிராண்ட் ஜூரி என்ற குழுவிடம் கொடுப்பார்கள். 12 பேருக்குக் குறையாமல் 23 பேருக்கு மிகாமல் இருக்கும் குழு அது. அரசுத் தரப்புச் சாட்சிகளை மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பார்கள். குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை இல்லை. வழக்கு நடத்துகிற அளவுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. குறைந்தது 12 பேர் ‘இருக்கிறது’ என்று ஒப்புக்கொண்டால் சுருளின் பின்பக்கத்தில் ‘பில்லா வெரா’ என்று எழுதுவார்கள். ‘மெய்யான குற்றச்சாட்டு’ என்று பொருள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதே பின்பக்கத்தில் ஒரே ஒரு சொல்: இக்னோராமுஸ்.

அந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் பத்து இருபது வரி: இன்ன ஊர்க்காரன், இன்ன தேதியில், இன்ன ஆயுதத்தால், மன்னரின் அமைதிக்கு விரோதமாக இன்னது செய்தான் என்று எல்லாம் தெரிந்த தொனியில் அடுக்கியிருக்கும். திருப்பினால், ‘இதை நாங்கள் அறியோம்.’ ‘இவன் நல்லவன்’ என்றோ ‘குற்றம் செய்யவில்லை’ என்றோ அவர்கள் சொல்லவில்லை. எங்கள் முன் வைத்ததைக் கொண்டு எங்களால் இப்படிச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த ஒரு சொல்லில் சிறைக் கதவு திறக்கும். அது விடுதலைத் தீர்ப்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் வேறொரு கிராண்ட் ஜூரியிடம் புதிதாக ஒரு சுருளைக் கொடுத்து அரசு மறுபடியும் முயலலாம். ‘அறியோம்’ என்றவர்களுக்குப் பிறகு ‘அறிவோம்’ என்பவர்கள் வரலாம்.

நீதிமன்ற லத்தீனை ஆங்கிலமாக்கும் சட்டம் 1733-ல் நடைமுறைக்கு வந்தது. 1769-ல் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இங்கிலாந்துச் சட்டங்களைப் பற்றி எழுதியபோது, ‘இக்னோராமுஸ் என்று முன்பு எழுதினார்கள், இப்போது ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்’ என்று பழங்கதையாகத்தான் குறிப்பிடுகிறார். சென்னையில் 1801-ல் வந்த சுப்ரீம் கோர்ட்டிலும் கிராண்ட் ஜூரி முறை இருந்தது. 1865-ல் சட்டம் போட்டு மாகாணத் தலைநகரங்களில் அதை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்திலேயே 1933-ல் பெரும்பாலும் முடிந்துபோனது.

சரி, இந்த ‘அறியோம்’ எப்படி ‘அறிவிலி’ ஆனது? அதற்குக் காரணம் ஒரு நாடகம். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகத்துக்கும் நகராட்சிக்கும் பழைய பகை. பொது இடத்தில் யாருக்கு முதல் மரியாதை, துணைவேந்தருக்கா மேயருக்கா என்று தகராறு. நகரத்தின் தரப்பில் நின்று வாதாடியவர் பிரான்சிஸ் பிராக்கின் என்ற வழக்கறிஞர். கல்லூரிக்காரர்களுக்கு அவர் மேல் ஆத்திரம். அப்போது கிளேர் கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் ரகிள் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். பெயர் ‘இக்னோராமுஸ்’. இத்தாலியரான டெல்லா போர்டாவின் நாடகம் ஒன்றைத் தழுவியது. அதில் ஆங்கில வழக்கறிஞன் ஒருவன் வருவான், அவன் பெயரே இக்னோராமுஸ். வாயைத் திறந்தால் உடைந்த லத்தீன், வக்கீல்கள் பேசும் பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் கலந்து கொட்டும். காதலிலும் சட்டப் பத்திர நடையில்தான் பேசுவான். கடைசியில் அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஓட்டுவதற்கே ஆள் கொண்டுவந்துவிடுவார்கள்.

1615 மார்ச் 8-ம் தேதி டிரினிட்டி கல்லூரியில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் நாடகம் நடந்தது. பல மணி நேரம் ஓடும் லத்தீன் நாடகம். மன்னருக்குப் பிடித்துப்போய், அதே ஆண்டு மே மாதம் அதைப் பார்ப்பதற்காகவே மறுபடியும் கேம்பிரிட்ஜ் வந்தார். வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உளறுகிற ஆள் என்றால் ‘இக்னரேமஸ்’ என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது.

பெயரை ரகிள் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர்கள் தினம் புழங்கும் சொல் அது. அதை எடுத்து அவர்கள் நெற்றியிலேயே ஒட்டினார். அவர் ஒட்டியபோது ஒன்று தொலைந்தது. சுருளின் பின்னால் இருந்தவரைக்கும் அது தன்மைப் பன்மை. பேசுகிறவர்கள் பொறுப்பேற்றுக்கொண்டு சொன்னது. மேடை ஏறிய பிறகு அது படர்க்கை ஆகிவிட்டது, நாம் இன்னொருவரைப் பார்த்துச் சொல்வது. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லத் தெரிந்தவர்களின் சொல்லை எடுத்து, அப்படிச் சொல்லவே தெரியாத ஒருவனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. நாடகத்தைக் குறை சொல்லவில்லை. நல்ல சொல் ஒன்று போய்விட்டதே என்ற வருத்தம்.

நாடகத்துக்குப் பிறகும் பழைய பொருள் உயிரோடுதான் இருந்தது. 1681-ல் லண்டன் முழுக்க இந்தச் சொல்தான் பேச்சு. இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் பிறகு கத்தோலிக்கரான அவர் தம்பி ஜேம்ஸ் பட்டத்துக்கு வரக்கூடாது என்று போராடியவர்களின் தலைவர் ஷாப்ட்ஸ்பரி பிரபு. அவர்மேல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி ஜூலையில் டவர் சிறையில் அடைத்தார்கள். லண்டனில் ஜூரிகளைப் பொறுக்கும் ஷெரீப்கள் அவர் கட்சிக்காரர்கள். நவம்பர் 24-ம் தேதி குற்றச்சாட்டு கிராண்ட் ஜூரி முன் வந்தது. அவர்கள் பின்பக்கத்தில் எழுதியது: இக்னோராமுஸ். தெருவெல்லாம் தீ மூட்டிக் கொண்டாடினார்கள். ஷாப்ட்ஸ்பரியின் ஆதரவாளர்களுக்காக ஒரு பதக்கமே வார்த்தார்கள். ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் லண்டன் நகரமும் டவரும், மேகத்திலிருந்து வெளிவரும் சூரியனும். மேலே அந்தத் தேதியோடு ஒரே சொல்: ‘லேத்தாமுர்’. ‘மகிழ்கிறோம்.’ ஒரு தன்மைப் பன்மைக்கு இன்னொரு தன்மைப் பன்மை பதிலாக வந்ததைப் பாருங்கள்.

ஆனால் அதே ஆண்டு ஜூலையில் ஸ்டீபன் காலெஜ் என்ற தச்சருக்கு நடந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. அவருக்கும் லண்டன் ஜூரி இக்னோராமுஸ் என்றுதான் எழுதியது. அரசு விடவில்லை. அவர் ஆக்ஸ்போர்டிலும் குற்றம் செய்தார் என்று சொல்லி, வழக்கை அங்கே கொண்டுபோய் வேறு ஜூரியிடம் கொடுத்தது. அங்கே மெய்யான குற்றச்சாட்டு என்றார்கள். ஆகஸ்ட் 31-ம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். பிரபுவுக்குக் காவலாக நின்ற சொல் தச்சருக்கு நிற்கவில்லை.

மன்னர் கட்சியினர் லண்டன் ஜூரிகளை ‘இக்னோராமுஸ் ஜூரிகள்’ என்று ஏளனமாக அழைத்தார்கள். தெரிந்துகொண்டே தெரியாது என்கிறார்கள் என்று அர்த்தம். கட்சிச் சார்பு இருந்தது உண்மைதான். அதே சமயம் கூலிக்குச் சாட்சி சொல்கிற ஆட்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள். அப்படிப்பட்ட சாட்சியை நம்பி ஒரு உயிரை எடுக்க மாட்டோம் என்று சொல்ல, சாதாரண நகரவாசிகளுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் இந்தச் சொல். என் கணக்கில் இதுதான் இந்தச் சொல்லின் உச்சம்.

இந்த வினையிலிருந்துதான் ஆங்கில ‘இக்னோர்’ வந்தது. நாமும் ‘அவனை இக்னோர் பண்ணு’ என்று சொல்கிறோம். முதலில் அதற்கு வெறுமனே ‘அறியாமல் இரு’ என்று பொருள். கிராண்ட் ஜூரி ஒரு குற்றச்சாட்டைத் தள்ளினால் ‘இக்னோர் செய்தது’ என்பார்கள். தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவது என்ற இன்றைய பொருள் 19-ம் நூற்றாண்டில்தான் பரவியது. தெரியாமை என்பது எப்படி வேண்டுமென்றே செய்கிற காரியம் ஆனது என்று யோசித்தால், அந்த ஜூரி அறை நடுவில் நிற்பது தெரியும்.

பன்மை பற்றிக் கேட்டீர்கள். ‘இக்னரேமை’ தவறு. லத்தீனில் ‘-உஸ்’ என்று முடியும் சில பெயர்ச்சொற்கள் பன்மையில் ‘-இ’ ஆகும். இது பெயர்ச்சொல் இல்லையே. ‘அறியோம்’ என்பதற்குப் பன்மை கேட்டால் என்ன சொல்வது? அது ஏற்கெனவே பன்மை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஆங்கில முறைப்படி ‘இக்னரேமஸஸ்’ என்று எழுதுங்கள். இதே மாதிரிதான் ‘ஆம்னிபஸ்’. ‘ஓம்னிபுஸ்’ என்றால் ‘எல்லாருக்கும்’. அதன் வாலை மட்டும் வெட்டி எடுத்து நாம் ‘பஸ்’ என்கிறோம். அதாவது ‘எல்லாருக்கும்’ என்பதில் ‘-க்கு’வை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்திருக்கிறோம்.

அறியாமைக்கு லத்தீனில் இருக்கும் பொதுப் பெயர் இக்னோரான்சியா. வேறு சொற்களும் உண்டு. ‘அறியாத’ என்பதற்கு ‘நெஸ்கியுஸ்’ என்று ஒன்று. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘நைஸ்’ ஆனது! 1300 வாக்கில் ஆங்கிலத்தில் ஒருவரை ‘நைஸ்’ என்றால் ‘மடையன்’ என்று அர்த்தம். பிறகு கூச்சம், நுணுக்கம், நேர்த்தி என்று படிப்படியாக ஏறி, ‘நல்ல’ என்பதில் வந்து நின்றது. நம்மிடம் வந்து ‘மாவை நைஸாக அரை’, ‘நைஸாக நழுவிட்டான்’ என்று இன்னும் வேறாகிவிட்டது. அறியாமையைச் சொன்ன ஒரு சொல் பாராட்டாக ஏறியிருக்கிறது, இக்னோராமுஸ் வசவாக இறங்கியிருக்கிறது.

சட்டத்தில் அடிக்கடி வரும் தொடர் ‘இக்னோரான்சியா யூரிஸ் நோன் எக்ஸ்கூசாத்’. சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது. இது நம் நாட்டிலும் செல்லும். விவரம் தெரியாமல் செய்த தவறுக்கு மன்னிப்பு உண்டு, சட்டம் தெரியாமல் செய்ததற்கு இல்லை. 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 76, 79 பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 14, 17 பிரிவுகளில் இருக்கிறது. சட்டத்தில் அதற்கு ஓர் உதாரணமும் உண்டு. ஒருவரைக் கைது செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுகிறது. அலுவலர் முறையாக விசாரித்து, இவர்தான் அவர் என்று நம்பி வேறொருவரைக் கைது செய்துவிடுகிறார். அவர் குற்றம் செய்தவர் ஆகமாட்டார். அவருக்குத் தெரியாமல் போனது ஆள் அடையாளம், சட்டம் இல்லை.

இன்னொரு தொடர் எனக்கு நெருக்கமானது: ‘டோக்தா இக்னோரான்சியா’. கற்று அடைந்த அறியாமை. கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீனார் ஒரு கடிதத்தில் பயன்படுத்தியது. 1440-ல் நிக்கோலாஸ் குசானுஸ் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் அதையே ஒரு நூலுக்குத் தலைப்பாக்கினார். கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் தமக்குக் கிடைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். எல்லையற்றதை எல்லைக்குள் இருக்கும் மனம் அளந்து முடிக்க முடியாது, முடியாது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வதும் ஓர் அறிவு என்பது அவர் வாதம்.

இனி அந்த ஜெர்மன் விஞ்ஞானி. அவர் பெயர் எமில் டு புவா-ரேமோன், பெர்லினில் உடலியல் பேராசிரியர். நரம்பில் ஓடும் மின்சாரத்தை அளந்து பெயர் பெற்றவர். 1872 ஆகஸ்ட் 14-ம் தேதி லைப்சிக் நகரில் இயற்கை அறிவியலாளர்களும் மருத்துவர்களும் கூடிய மாநாட்டில் பேசினார். பொருள், ‘இயற்கை அறிவின் எல்லைகள்’. பருப்பொருளும் விசையும் அடிப்படையில் என்ன, மூளையின் அணுக்களிலிருந்து உணர்வு எப்படி எழுகிறது, இந்த இரண்டையும் அறிவியலால் என்றைக்கும் விளக்க முடியாது என்றார். மற்ற புதிர்களுக்கு முன்னால் விஞ்ஞானி ‘இக்னோராமுஸ்’ என்று சொல்லப் பழகியவன், இந்த இரண்டுக்கு முன்னால் அவன் சொல்ல வேண்டியது இன்னும் கடினமான சொல், ‘இக்னோராபிமுஸ்’ என்று முடித்தார். அது எதிர்காலம்: அறியமாட்டோம்.

இதைத் தமிழில் பெயர்க்கும்போது ஒரு சங்கடம் உண்டு. நம் ‘அறியோம்’ முக்காலத்துக்கும் பொது. அதனால் இரண்டையும் வேறுபடுத்த ‘இன்று அறியோம், என்றும் அறியப்போவதில்லை’ என்று காலத்தைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. லத்தீனில் நடுவே ‘பி’ என்ற ஓர் அசை வந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஐரோப்பாவில் பல ஆண்டு ஓடிய பெரிய விவாதமே அந்த ஓர் அசையைப் பற்றியதுதான்.

கணித மேதை டேவிட் ஹில்பர்ட்டுக்கு அந்த அசை பிடிக்கவே இல்லை. கணிதத்தில் இக்னோராபிமுஸ் கிடையாது என்று 1900-ல் பாரிஸ் மாநாட்டில் சொன்னார். 1930 செப்டம்பர் 8-ம் தேதி, சொந்த ஊரான கோனிக்ஸ்பர்க்கில் பேசியபோது மறுபடியும் அதையே எடுத்தார். பேச்சின் கடைசிப் பகுதியை வானொலிக்காகப் படித்தார், அந்தக் குரல் பதிவு இன்றும் இருக்கிறது. முடிவாக இரண்டு வாக்கியம்: ‘அறிந்தாக வேண்டும். அறிவோம்.’ கோட்டிங்கனில் அவர் கல்லறையில் அந்த இரண்டு வாக்கியமும் ஜெர்மனில் பொறித்திருக்கிறது. அதற்கு முந்தின நாள், செப்டம்பர் 7-ம் தேதி, அதே ஊரில் இன்னொரு கூட்டத்தில் குர்ட் கோடல் என்ற இளைஞர் எழுந்து, எண்கணிதத்தை உள்ளடக்கிய எந்த முரணற்ற விதித்தொகுப்பிலும் அதற்குள்ளேயே நிறுவ முடியாத உண்மைகள் இருக்கும் என்ற தம் முடிவை முதல் முறையாக அறிவித்திருந்தார்.

கடைசியாகத் தமிழ்ச் சொல். வினையாக வரும்போது சந்தேகமே இல்லை, ‘அறியோம்’. வசவாக வரும்போதுதான் யோசிக்க வேண்டும். ‘அறிவிலி’, ‘முட்டாள்’ என்று போட்டால் பொருள் சற்று விலகிவிடுகிறது. முட்டாள் என்பது மூளையைப் பற்றியது. இக்னரேமஸ் என்பது ஒருவர் நுழைந்த துறையில் அவருக்குத் தெரிய வேண்டியது தெரியவில்லை என்பது. பெரிய படிப்பாளிகூட வேறொரு துறையில் இக்னரேமஸ் ஆகலாம். தெரியாது என்று ஒதுங்கி நிற்பவரை அப்படிச் சொல்வதும் பொருந்தாது. தெரியாமலே தெரிந்த மாதிரி பேசுகிறவருக்குத்தான் அது.

‘தற்குறி’ என்று சிலர் பெயர்க்கிறார்கள். அந்தச் சொல்லின் பிறப்பு இக்னோராமுஸ் மாதிரியேதான், அதனால் எனக்கு அதன்மேல் பரிவு அதிகம். எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் குறி, தற்குறி. இடும் குறிக்கு இருந்த பெயர், இட்ட ஆளுக்கு வசவாகிவிட்டது. ‘கைநாட்டு’ம் அப்படித்தான். மொழிபெயர்க்க வரும் பழைய கிரயப் பத்திரங்களில் பார்த்திருக்கிறேன். ஊதா மையில் அழுந்திய பெருவிரல் ரேகை, அதைச் சுற்றி எழுத்தர் கையால் ‘இது இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று ஒரு வரி. சில ரேகைகளில் குறுக்கே வெட்டுக்காயத் தழும்பு தெரியும். நிலத்தில் வேலை செய்த கை. தனக்கு எழுத வராது என்பதை நாலு பேர் முன்னால் ஒளிக்காமல் வைத்த அடையாளம் அது. அதை எடுத்து ஒரு பேச்சாளனுக்கு வசவாகக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

குறளில் ‘வெண்மை’ என்று ஒரு சொல் இருக்கிறது. புல்லறிவாண்மை அதிகாரத்தில், 844-வது குறள்: ‘வெண்மை எனப்படுவது யாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு’. அறிவின்மை என்பது எது என்றால், எங்களுக்கு அறிவு இருக்கிறது என்கிற செருக்கு. அந்த ‘உடையம் யாம்’ என்பதும் தன்மைப் பன்மைதான். ரகிளின் நாடகத்தில் வரும் வழக்கறிஞனுக்கு இது அச்சாகப் பொருந்தும். ஆனால் ‘வெண்மை’ இன்று நிறத்தை மட்டும்தான் சொல்கிறது, அதனால் பத்திரிகை நடைக்கு உதவாது.

பேச்சுவழக்கில் ‘ஆனா ஆவன்னா தெரியாதவர்’ என்கிறோமே, அது கிட்டத்தட்ட சரியாக உட்காரும். துறையைச் சேர்த்துச் சொல்லவும் வசதி. உங்கள் கட்டுரை வாக்கியத்தை என்னிடம் கொடுத்திருந்தால் நான் இப்படி எழுதியிருப்பேன்: ‘சட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாமல் சட்டம் பேசுகிறவர் அவர்.’